காற்றின் இரைச்சலும் காதின் நலமும்

இருசக்கர வாகனத்தில் செல்வோரின் உடல்நலம் குறித்துப் பேசும்போது தலைக்காயம், எலும்பு முறிவு, முதுகுவலி, புகை, தூசி ஆகியவை தவறாமல் இடம்பெறுகின்றன. காது இடம்பெறுவதில்லை. நெடுஞ்சாலையில் விரையும்போது தலைக்கவசத்தினுள் எழும் காற்றின் இரைச்சல், தொழிற்சாலை இயந்திரக் கூடத்தின் இரைச்சலுக்கு ஒப்பானது. சில வேளைகளில் அதனையும் விஞ்சுவது. ஆயினும் அதனை நாம் ஒரு தொல்லையாக மட்டுமே கருதுகிறோம், தீங்காகக் கருதுவதில்லை. இந்த எண்ணம் மாற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இம்மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளிலும் உடனிருந்து கவனிப்போரிலும் பலர் மோட்டார் சைக்கிளிலேயே நெடுந்தொலைவு கடந்து வருகின்றனர். மருந்து விற்பனைப் பிரதிநிதிகள், உணவும் பொருள்களும் கொண்டு சேர்ப்போர், தவணை வசூலிப்போர், பால் வண்டி ஓட்டுவோர் எனச் சாலையையே பணியிடமாகக் கொண்டவர்களும் அவர்களுள் உண்டு. இவர்களுக்குக் காற்றின் இரைச்சல் என்றோ ஒரு நாள் வந்து போகும் விருந்தாளி அன்று. நாள்தோறும் உடன் வரும் துணை.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது?

குறைந்த வேகத்தில் நாம் கேட்பது எஞ்சினின் ஒலியும் பிற வண்டிகளின் ஹாரன் ஒலியுமே. மணிக்கு ஏறத்தாழ 65 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் காற்றின் ஒலி மற்ற எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடுகிறது. தலைக்கவசத்தின் மீது மோதிப் பிளவுபடும் காற்று சீராக வழிந்தோடுவதில்லை, சுழல்களாகச் சிதறுகிறது. அந்தச் சுழல்களின் அழுத்த ஏற்ற இறக்கமே நம் காதில் இரைச்சலாக ஒலிக்கிறது. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் காற்றுச் சுரங்கத்தில் வைத்து நிகழ்த்தப்பட்ட ஆய்வுகள், தலைக்கவசத்தின் கீழ்ப்பகுதியும் தாடைப் பகுதியும் இந்த இரைச்சலின் முக்கிய வாயில்கள் எனக் காட்டின. ஒலி மேலிருந்து துளைத்துக்கொண்டு வருவதைக் காட்டிலும் கழுத்தருகே உள்ள இடைவெளி வழியாகவே மிகுதியாக உள்ளே புகுகிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். பின்னர்ச் சொல்லப்படும் தீர்வுகளுள் பல இதனை அடிப்படையாகக் கொண்டவை.

அளவீடுகளின்படி, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் தலைக்கவசத்தினுள் காதருகே ஏறத்தாழ 90 டெசிபெல் ஒலி உள்ளது. 100 கிலோமீட்டர் வேகத்தில் அது 100 டெசிபெல்லை நெருங்குகிறது. தலைக்கவசத்தின் வகை, வண்டியின் அமைப்பு, ஓட்டுபவரின் உயரம் ஆகியவற்றைப் பொறுத்து இவை கூடும், குறையும். 90-க்கும் 100-க்கும் இடையில் பத்து மட்டுமே வேறுபாடு என எண்ணிவிடக் கூடாது. டெசிபெல் கணக்கில் 3 கூடினாலே ஒலியாற்றல் இரு மடங்காகும். 10 கூடினால் பத்து மடங்காகும்.

இங்குக் கணக்கில் வருவது வண்டியின் வேகம் அன்று, காற்றை எதிர்கொள்ளும் வேகம் என்பதும் கவனிக்கத்தக்கது. ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயையோ பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய பொள்ளாச்சி, உடுமலை வட்டாரத்தையோ கடப்பவர்கள் இதனை நன்கறிவர். 30 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று வீசும்போது, 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவரின் காதில் 90 கிலோமீட்டர் வேகத்திற்குரிய இரைச்சலே விழும்.

எவ்வளவு நேரம் தாங்கும்?

அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு மற்றும் உடல்நல நிறுவனம், 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் கேட்பதையே வரம்பாகப் பரிந்துரைக்கிறது. 3 டெசிபெல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். அதன்படி 88 டெசிபெல்லுக்கு 4 மணி நேரம்; 91-க்கு 2 மணி நேரம்; 94-க்கு 1 மணி நேரம்; 100 டெசிபெல்லுக்கு 15 நிமிடங்கள் மட்டுமே.

சென்னையிலிருந்து விழுப்புரம் ஏறத்தாழ 160 கிலோமீட்டர். 60 கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாகச் சென்றாலும் ஒருவழிப் பயணத்திலேயே அந்நாளின் வரம்பு கடந்துவிடுகிறது. வேகமாகச் சென்றால் பயண நேரம் சற்றுக் குறையும். ஆனால் காது ஏற்கும் சுமை அதைவிடப் பன்மடங்கு கூடும்.

இதனைப் படித்து எவரும் அஞ்ச வேண்டியதில்லை. இந்த வரம்பு, பல ஆண்டுகள் நாள்தோறும் இரைச்சலில் இருப்போரைக் கருத்தில் கொண்டு வகுக்கப்பட்டது. ஆண்டிற்கு ஓரிரு முறை நெடும்பயணம் செல்வோருக்கு இழப்பு நேரும் வாய்ப்பு குறைவு. நகரத்திற்குள் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்கூட்டரில் செல்வோருக்குக் காற்றின் ஒலி ஒரு பொருட்டே அன்று. வாரத்தில் பல நாள்கள், பல மணி நேரம் நெடுஞ்சாலையில் செல்வோரே இதனைத் தம் நலம் சார்ந்த செய்தியாகக் கொள்ள வேண்டும்.

உட்செவியில் நத்தைக் கூட்டினைப் போன்று சுருண்டிருக்கும் உறுப்பில் நுண்ணிய மயிரணுக்கள் உள்ளன. ஒலியை நரம்புக்குரிய செய்தியாக மாற்றுபவை அவையே. மிகையொலியால் அவை முதலில் சோர்வடைகின்றன. பயணம் முடிந்ததும் காது அடைத்தாற்போல் இருப்பதும் ‘ங்...’ என்று ரீங்காரம் கேட்பதும் அச்சோர்வின் அடையாளங்கள். சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ அது தெளியும். மீண்டும் மீண்டும் இவ்வாறு நேர்ந்தால் அணுக்கள் மடிகின்றன. மடிந்தவை மனித உடலில் மீண்டும் முளைப்பதில்லை. இழப்பு முதலில் 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரையிலான உயர்சுருதிப் பகுதியில் தொடங்குகிறது. ஆகவே பாதிக்கப்பட்டவருக்குப் பேச்சு காதில் விழும், சொல் தெளிவாகாது. “சத்தம் கேட்கிறது, என்ன சொல்கிறார்கள் என்பதுதான் புரியவில்லை” என்று அவர் சொல்லத் தொடங்கும்போது இழப்பு நெடுநாள் முன்பே தொடங்கியிருக்கும்.

நோயாளிகளும் துணையிருப்போரும் கூடுதலாகக் கருத வேண்டியவை

சில மருந்துகள் உட்செவியைப் பாதிக்கும் இயல்புடையவை. புற்றுநோய்க்குத் தரப்படும் சிஸ்பிளாட்டின், கடும் தொற்றுகளுக்கும் சிலவகைக் காசநோய்க்கும் தரப்படும் ஜென்டாமைசின், அமிக்காசின், ஸ்ட்ரெப்டோமைசின் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இவற்றைப் பெறும் காலத்தில் மிகையொலியும் சேர்ந்தால் தீங்கு பெருகும். இம்மருந்துகள் உயிர் காப்பவை. அவற்றை நீங்களாக நிறுத்தவே கூடாது. சிகிச்சை முடியும் வரை நெடுந்தொலைவு மோட்டார் சைக்கிள் பயணத்தைத் தவிர்த்துப் பேருந்திலோ ரயிலிலோ வருவது நலம். ரீங்காரமோ கேட்கும் திறனில் குறைவோ தோன்றினால் உடனே மருத்துவரிடம் கூறுங்கள்.

துணையிருப்போருக்கும் ஒரு சொல். இரண்டு மணி நேரம் காற்றில் ஓட்டி வந்து, காது மந்தமாக இருக்கும் நிலையில் மருத்துவர் முன் அமர்கிறீர்கள். எந்த மாத்திரை உணவுக்கு முன், எது பின், எத்தனை நாள் என்பதெல்லாம் அந்தச் சில நிமிடங்களில் சொல்லப்படுகிறது. அரைகுறையாகக் கேட்ட சொல்லால் மருந்தின் அளவு மாறிவிடக் கூடும். தெளிவாகக் கேட்கவில்லை எனில் தயங்காமல் மீண்டும் கேளுங்கள். எழுதித் தரச் சொல்லுங்கள். அதனைக் கேட்பது உங்கள் உரிமை.

தலைக்கவசத்தைக் கழற்றுவது தீர்வன்று

“தலைக்கவசம் போட்டால் காதில் ஒரே இரைச்சல்” என்று கூறி அதனைக் கழற்றிப் பெட்ரோல் டேங்கின் மேல் வைத்துக்கொள்வோர் உண்டு. தாடைப் பட்டையைப் பூட்டாமல் தளரவிடுவோரும் உண்டு. இரண்டும் பெருந்தவறு. தலைக்கவசம் இல்லாத காதில் காற்று நேரடியாக மோதுகிறது, இரைச்சல் குறைவதில்லை. பட்டை பூட்டாத தலைக்கவசம் காற்றில் தூக்கியடிக்கப்படுவதால் அதிர்வும் ஒலியும் கூடுகின்றன. விபத்தின்போது அது தலையில் நிற்பதும் இல்லை. தலைக்கவசம் தலைக்காயத்தை ஏறத்தாழ 69 விழுக்காடும் இறப்பை 42 விழுக்காடும் குறைக்கிறது என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பெற்ற முடிவு. தமிழ்நாட்டில் உயர் நீதிமன்ற ஆணையின்படி 2015 ஜூலை 1 முதல் தலைக்கவசம் கட்டாயமாக நடைமுறைப்படுத்தப்பட்டதும் இதன் பொருட்டே. காதுக்காகத் தலையைப் பணயம் வைப்பது கணக்கறியாச் செயல்.

இரைச்சலைக் குறைக்கும் வழிகள்

முதலாவது, அளவு. நம் வீடுகளில் ஒரே தலைக்கவசத்தைத் தந்தை, மகன், மருமகள் என எல்லாரும் மாற்றி மாற்றி அணிவது வழக்கமாக உள்ளது. தலைக்கவசம் என்பது செருப்பைப் போன்றது. ஒருவருடையது மற்றவருக்குப் பொருந்தாது. கன்னத் திண்டுகள் இரு கன்னங்களையும் மெல்ல அழுத்த வேண்டும். தலையை அசைத்தால் கவசமும் உடன் அசைய வேண்டும். கவசம் தனியே சுழலக் கூடாது. ஐ.எஸ். 4151 என்னும் இந்தியத் தரக்குறியீடும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உள்ளதா என்று பாருங்கள். முகத்தை முழுவதும் மூடும் வகை, திறந்த வகையைக் காட்டிலும் பொதுவாக இரைச்சல் குறைந்தது; தாடையையும் காப்பது.

இரண்டாவது, இடைவெளிகள். வைசர் எனப்படும் முகக்கண்ணாடி முழுமையாக மூடியிருக்க வேண்டும். அதன் விளிம்பில் உள்ள ரப்பர் பட்டை வெடித்திருந்தால் காற்று சீழ்க்கையடிக்கும். பட்டையையோ கண்ணாடியையோ மாற்றிவிடலாம். கவசத்தின் மேல் ஒட்டப்படும் கொம்பு, வால், கேமரா தாங்கி போன்றவை காற்றைக் கிழித்து ஒலியெழுப்பும், அவற்றை நீக்குங்கள். கழுத்தருகே உள்ள இடைவெளியைக் கழுத்தை இறுகச் சுற்றியிருக்கும் மெல்லிய பருத்தித் துணியால் ஓரளவு அடைக்கலாம். ஆனால் அத்துணியின் முனைகள் சட்டைக்குள் முழுவதும் செருகப்பட்டிருக்க வேண்டும். காற்றில் பறக்கும் துண்டும் துப்பட்டாவும் சேலைத் தலைப்பும் சக்கரத்தில் சிக்கி உயிரைப் பறிப்பவை.

மூன்றாவது, வண்டியின் முன்கண்ணாடி. கண்ணாடி இருந்தாலே இரைச்சல் குறையும் என்பது பொதுவான நம்பிக்கை. உயரம் பொருந்தாத கண்ணாடி, சிதறிய காற்றை நேராகத் தலைக்கவசத்தின் மீது எறிந்து இரைச்சலைக் கூட்டவும் கூடும். ஆளரவமற்ற நேரான சாலையில், பின்னால் எவரும் அமர்ந்திராத வேளையில், இருக்கையில் சற்று நிமிர்ந்தும் சற்றுக் குனிந்தும் பாருங்கள். தலையின் உயரம் மாறும்போது இரைச்சல் சட்டென்று குறைந்தால், குறை தலைக்கவசத்தில் இல்லை, கண்ணாடியின் உயரத்தில் உள்ளது. பட்டறையில் அதனைத் தாழ்த்தவோ உயர்த்தவோ மாற்றவோ செய்யலாம்.

நான்காவது, வேகம். செலவில்லாத வழி இதுவே. 100-லிருந்து 80 கிலோமீட்டராகக் குறைத்தால் இரைச்சல் ஏறத்தாழ 4 டெசிபெல் குறையும். அதாவது ஒலியாற்றல் பாதிக்கும் கீழ் செல்லும். வண்டியை மணிக்கு ஒருமுறை நிறுத்திச் சிறிது நேரம் அமைதியான இடத்தில் இருப்பது காதுக்கு ஓய்வு தரும்.

ஐந்தாவது, காதடைப்பான். மேற்சொன்ன நான்கும் சேர்ந்தாலும் நெடுஞ்சாலை இரைச்சலைப் பாதுகாப்பான அளவுக்குக் கொண்டுவருவது அரிது. மருந்துக் கடைகளிலும் பாதுகாப்புச் சாதனக் கடைகளிலும் சில ரூபாய்களுக்குக் கிடைக்கும் பஞ்சுநுரைக் காதடைப்பானே வலுவான பாதுகாப்பு. உறையில் 30 டெசிபெல் அளவிற்குக் குறைக்கும் என்று அச்சிட்டிருந்தாலும், நடைமுறையில் கிடைப்பது அதனினும் குறைவே. அதுவும் செருகும் முறையைப் பொறுத்தது. கைகளைக் கழுவிக்கொள்ளுங்கள். அடைப்பானை விரல்களால் உருட்டி மெல்லிய திரிபோல் ஆக்குங்கள். மறு கையைத் தலைக்குப் பின்புறமாகக் கொண்டுவந்து காதுமடலை மேல்நோக்கியும் பின்நோக்கியும் இழுங்கள். அடைப்பானை உட்செலுத்தி, அது விரியும் வரை 20 முதல் 30 நொடிகள் விரலால் தாங்கிப் பிடியுங்கள். உங்கள் குரல் உங்களுக்கே கனத்து ஒலித்தால் சரியாகப் பொருந்தியுள்ளது என்று பொருள். சாதாரணப் பஞ்சு இதற்கு ஈடாகாது. அது தடுக்கும் ஒலி மிகக் குறைவு. இயர்போனில் பாட்டுக் கேட்பது நேர் எதிரான விளைவைத் தரும். காற்றின் இரைச்சலை மீறிப் பாட்டு கேட்க வேண்டுமெனில் அது இரைச்சலைவிட உரக்க ஒலித்தாக வேண்டும், கவனமும் சிதறும்.

“ஹாரன் கேட்காதே!”

காதடைப்பானைப் பரிந்துரைத்தவுடன் எழும் மறுப்பு இது. மறுப்பில் நியாயம் உண்டு. ஆகவே விடையும் தெளிவாக இருக்க வேண்டும். வேகமாகச் செல்லும்போது ஹாரன் ஒலியை மறைப்பது காற்றின் இரைச்சலே. காதடைப்பான் இரண்டையும் ஒருசேரக் குறைக்கிறது. இரண்டிற்கும் இடையிலான வேறுபாடு பெரிதும் மாறுவதில்லை. மிகையொலியில் திணறும் காதைக் காட்டிலும், அளவான ஒலியைப் பெறும் காது ஹாரனைப் பிரித்தறிவதில் பின்தங்குவதில்லை. களைப்பும் குறைவதால் கவனம் கூடும். நகரத்திற்குள் நுழைந்து வேகம் குறைந்ததும் வண்டியை ஓரமாக நிறுத்தி அடைப்பானை எடுத்துவிடலாம். பின்நோக்குக் கண்ணாடிகளைப் பார்க்கும் பழக்கம் எந்நிலையிலும் இன்றியமையாதது.

எல்லாருக்கும் காதடைப்பான் ஏற்றதன்று. காதில் சீழ் வடிபவர்கள், செவிப்பறையில் துளை உள்ளவர்கள், அண்மையில் காது அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், அழுக்கு இறுகிக் காது அடைத்திருப்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் பயன்படுத்தலாகாது. நீரிழிவு நோய் உள்ளவர்களுக்குக் காதுக் குழலில் ஏற்படும் சிறு கீறலும் கடும் தொற்றாக மாறக் கூடும். அவர்கள் தூய்மையான புதிய அடைப்பானையே பயன்படுத்த வேண்டும். ஏற்கெனவே கேட்கும் திறன் குறைந்தவர்களுக்கு அடைப்பான் தேவையான ஒலிகளையும் மறைத்துவிடலாம். அவர்கள் செவித்திறன் பரிசோதனைக்குப் பின் முடிவெடுப்பது நல்லது. செவித்துணைக் கருவி அணிவோருக்குத் தலைக்கவசத்தினுள் கருவி சீழ்க்கையடிப்பதும், அதன் ஒலிவாங்கியில் காற்று மோதி இரைச்சல் பெருகுவதும் இயல்பு. கருவியை அணைத்து வைத்தால் அது காதடைப்பான் ஆகிவிடாது. பயணத்தின்போது என்ன செய்வது என்பதைக் கருவியைப் பொருத்திய செவியியலாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

யார் என்ன செய்ய வேண்டும்?

இதுவரை கூறியவை தனிமனிதர் செய்யக் கூடியவை. பொறுப்பு அவர்களோடு முடிந்துவிடுவதில்லை. நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகளில் 8 மணி நேரப் பணிக்கு 90 டெசிபெல் என்னும் உச்ச வரம்பு உண்டு. ஆலைக்குள் இயந்திரத்தின் அருகே நிற்பவருக்குக் காதுக்காப்பு தர வேண்டும் என்று ஒப்புக்கொள்ளும் நாம், அதே அளவு இரைச்சலில் சாலையில் பணிபுரிபவரை மறந்துவிடுகிறோம். பிரிட்டனில் 1990-களில் மோட்டார் சைக்கிள் பந்தய வீரர்களைப் பரிசோதித்த மருத்துவர்கள், வயதுக்கு மீறிய செவித்திறன் இழப்பைக் கண்டு, இது தொழில்சார் தீங்கா என்று வினவினர். அந்த வினா நம் ஊர்ச் சாலைகளில் நாள்தோறும் பொருள் சுமந்து செல்வோருக்கும் பொருந்தும். சீருடையும் பையும் தரும் நிறுவனங்கள், தலைக்கு அளவெடுத்த கவசத்தையும் காதடைப்பானையும் சேர்த்துத் தருவது பெருஞ்செலவாகாது.

மருத்துவர்களாகிய எங்களுக்கும் கடமை உண்டு. காது கேட்கவில்லை என்று வருபவரிடம், “ஆலையில் வேலை செய்கிறீர்களா?” என்று கேட்கிறோம், “நாளைக்கு எத்தனை மணி நேரம் வண்டி ஓட்டுகிறீர்கள்?” என்று கேட்பது அரிது. அக்கேள்வி ஒவ்வொரு செவித்திறன் பரிசோதனைப் படிவத்திலும் இடம்பெற வேண்டும். அதுவரை நீங்களே முன்வந்து அதனைக் கூறுங்கள்.

பயணத்திற்குப் பின் ரீங்காரம் அடிக்கடி கேட்பது, தொலைக்காட்சியின் ஒலியை வீட்டார் குறைக்கச் சொல்வது, கூட்டத்தில் பேச்சு புரியாமல் போவது ஆகியவற்றுள் எது தோன்றினாலும் செவித்திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அது வலியில்லாத எளிய பரிசோதனை. ஒரு காதில் திடீரெனக் கேட்கும் திறன் குறைந்தால் அதனைப் பயணக் களைப்பு என்று ஒதுக்காமல் அன்றே மருத்துவரை அணுகுங்கள். சிகிச்சை எவ்வளவு விரைவில் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. இரைச்சலால் இழந்த கேட்கும் திறனை மீட்டுத் தரும் மருந்து இன்று இல்லை. இழக்காமல் காக்கும் வழிகள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை அடுத்த பயணத்திற்கு முன் சில நிமிடங்களில் செய்து முடிக்கக் கூடியவை.